“ஆத்து மீனுக்கு யார் ஓனர்?” என்று கேட்கிறார் கணவர்

வழக்கறிஞரான எனக்குப் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

“நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். பையனுக்குப் பதிமூன்று வயது, பெண்ணுக்கு ஒன்பது. கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே தூண்டில் பைத்தியம். அதே பைத்தியம் பிடித்த நான்கு நண்பர்கள் அவருக்கு உண்டு. வருடா வருடம் ஐப்பசியில், தீபாவளி முடிந்த சனி, ஞாயிறில், எல்லாக் குடும்பமும் சேர்ந்து மலைப்பக்கம் போய்த் தங்கிவிட்டு வருவோம். எனக்கும் அது பிடிக்கும். பெண் இப்போதே மயில் தோகைத் தண்டை வெட்டிச் சிவப்பு நூல் சுற்றி மிதவை செய்து வைத்திருக்கிறாள்.

போன வருடம் காவிரிக் கரையில் ஒரு இடத்தில் அடுப்பு மூட்டி மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது வனத்துறை ஆட்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். தூண்டில்களை எடுத்துக்கொண்டார்கள். கணவரிடம் இரண்டு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஐயாயிரம் ரூபாய் கட்டினோம். ஒரு சீட்டு கொடுத்தார்கள், அதை அவர் காரில் எங்கேயோ போட்டுவிட்டார். ‘ஃபைன் கட்டியாச்சு, மேட்டர் முடிஞ்சது’ என்கிறார்.

இந்த வருடம் அஞ்செட்டி பக்கம் ஒரு பண்ணை வீடு பார்த்திருக்கிறார்கள். ஐந்து குடும்பம், இருபது பேர். நண்பர் ஒருவர் தன் வேனையே எடுக்கிறார், தலைக்கு இவ்வளவு என்று வசூல். இன்னொருவர் வலை கொண்டு வருகிறாராம். ஓசூருக்கு அந்தப் பக்கம் போய் ‘சரக்கு’ வாங்கி வருவதும் திட்டத்தில் இருக்கிறது. நான் பயப்படுகிறேன் என்றால், ‘ஆத்து மீனுக்கு யார் ஓனர்? எங்கப்பா அதே இடத்துல முப்பது வருஷம் புடிச்சார்’ என்கிறார். தூண்டில் போடுவது உண்மையிலேயே குற்றமா? போன வருட விஷயம் முடிந்ததா? நானும் குழந்தைகளும் சும்மா உட்கார்ந்திருந்தோம், எங்கள் மேலும் வழக்கு வருமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எட்டாயிரம் முன்பணம் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?”

சகோதரி, முதலில் மகளின் மிதவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மயில் பாதுகாக்கப்பட்ட பறவைதான். ஆனால் தானாக உதிர்ந்த தோகையை வைத்திருப்பது குற்றமில்லை. எங்கள் ஊர் ஏரியில் நானும் அந்தத் தண்டை வைத்துத்தான் கெண்டை பிடித்தேன். தக்கை மிதவையைவிட அது கூச்சம் அதிகம், மீன் முள்ளை மோந்து பார்த்தாலே தலையாட்டும். அவள் செய்தது செய்ததாகவே இருக்கட்டும். பிரச்சினை மிதவையில் இல்லை, அதை எந்தத் தண்ணீரில் போடப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. ஓடுகிற ஆற்றில் இருக்கும் மீன் பிடிபடும்வரை யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்பது பழைய சட்டக் கோட்பாடுதான். ஆனால் வனத்துறை கேட்டது மீன் யாருடையது என்று இல்லை. நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள், யாரைக் கேட்டு நிற்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி.

மாமனார் காலமும் இப்போதும்

பிலிகுண்டுலுவிலிருந்து ஒகேனக்கல் வரை காவிரி ஓடிவரும் அந்தக் காட்டின் பெரும்பகுதி இன்று சரணாலயம். 2014-ல் காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயம் வந்தது, சுமார் 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து அறிவிக்கப்பட்டவை. ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். ஆக, பல இடங்களில் இந்தக் கரையில் நின்றாலும் சரணாலயம், பரிசலில் அந்தக் கரைக்குப் போனாலும் சரணாலயம். போதாக்குறைக்கு அது வேறு மாநிலம்.

உங்கள் மாமனார் நின்ற பாறை அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் மேல் சட்டம் மாறிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் காலத்தில் அது காப்புக்காடாக இருந்திருந்தால், அப்போதும் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது குற்றம்தான். 1882-ஆம் வருடத்து வனச் சட்டத்திலேயே வேட்டை, கண்ணி என்பவற்றோடு மீன் பிடித்தலையும் சேர்த்துத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் ஒற்றைத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காமல் விட்டதை உரிமை என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். இருபது பேர், வேன், வலை என்று போனால் கேட்பார்கள்.

1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள் இருக்கும் எந்த உயிரையும் உரிய அனுமதியின்றி அழிக்கவோ எடுக்கவோ கூடாது என்கிறது. ‘விலங்கு’ என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் 2002 திருத்தத்துக்குப் பிறகு மீனும் அடக்கம். மீன் என்ன, புலியா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நீதிமன்றத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் கட்சிக்காரர்கள் என்னை நம்பாமல் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்று 31-ஆவது பிரிவு சொல்கிறது. ஆயுதம் என்றால் துப்பாக்கி, கத்தி என்று நினைப்போம். சட்டத்தின் விளக்கப் பட்டியலில் அவற்றோடு கொக்கியும் வலையும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அதாவது உங்கள் கணவரின் சட்டைப்பையில் சின்ன டப்பாவில் இருக்கும் பத்து ரூபாய் முள்ளும் அந்த எல்லைக்குள் ஆயுதம். மீன் வறுக்க மூட்டிய அடுப்புக்கு 30-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. ஒரு மீனும் மாட்டாமல் வெறும் கையோடு திரும்பியிருந்தாலும், உள்ளே நுழைந்தது, முள்ளும் தூண்டிலும் கொண்டுபோனது, நெருப்பு வைத்தது என்று மூன்று விஷயம் எழுதலாம்.

தண்டனை? 2022 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவான மீறல்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தின் அட்டவணையில் உள்ள உயிரைச் சரணாலயத்துக்குள் பிடித்தால் அது ‘வேட்டை’ ஆகிவிடும். அப்போது குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு, அபராதம் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. ‘நாங்கள் ஜிலேபிக் கெண்டைக்குத்தானே போட்டோம்’ என்பார்கள். சரிதான், ஆனால் எது கவ்வுகிறது என்பதை ஆறுதான் தீர்மானிக்கிறது. மண்புழுவுக்கு ஆமையும் வரும். வலையில் நீர்நாய்க் குட்டியும் சிக்கும். காவிரியில் திமில் மஹ்சீர் என்றொரு பெரிய மீன் இருக்கிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று 2018-ல் உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். முதலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் போனவர்கள் எல்லோரும் முதலைப் பண்ணையைப் பார்த்திருப்பார்கள். அதே இனம் ஆற்றிலும் இருக்கிறது என்பது மட்டும் குளிக்கும்போது மறந்துவிடும்.

அந்த ஐயாயிரம் ரூபாய்

என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான விஷயம் காரில் எங்கேயோ கிடக்கும் அந்தச் சீட்டுதான்.

வனக் குற்றங்களில் ‘ஃபைன் கட்டிவிட்டோம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் நீதிமன்ற அபராதம் இல்லை, இணக்கக் கட்டணம். குற்றத்தைச் செய்ததாக நம்பக் காரணம் இருக்கும்போது, வழக்குப் போடாமல் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு முடிக்கச் சட்டமே 54-ஆவது பிரிவில் வழி வைத்திருக்கிறது. 2022-க்குப் பிறகு அந்தத் தொகை ஐந்து லட்சம் வரை போகலாம். முறைப்படி அப்படி முடிந்திருந்தால் அதே சம்பவத்துக்கு மேற்கொண்டு நடவடிக்கை கிடையாது. கணவர் சொல்வது சரியாகிவிடும்.

ஆனால் அதை யார் வேண்டுமானாலும் செய்ய முடியாது. துணை வனப் பாதுகாவலர் தகுதிக்குக் குறையாத, அதிகாரம் அளிக்கப்பட்ட அதிகாரி உத்தரவு போட வேண்டும். நம் ஊர் நடைமுறையில் மாவட்ட வன அலுவலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரைக்கு வந்த வனவரோ வனக்காப்பாளரோ அந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிட முடியாது. அவர்கள் பணத்தை வாங்கி மேலே அனுப்பி, உத்தரவு பிறகு வந்திருக்கலாம். அப்படி நடப்பதும் உண்டு. அதனால்தான் சீட்டைத் தேடச் சொல்கிறேன். அதில் ரசீது எண் இருக்கிறதா, எந்த அலுவலகத்தின் முத்திரை, எந்தப் பிரிவின் கீழ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் துண்டுத்தாளில் தொகையும் கையெழுத்தும் மட்டும் இருந்தால், விஷயம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

மூன்று ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. இதில் போலீஸ் குற்றப்பத்திரிகைகூடத் தேவையில்லை. வன அதிகாரி நேராக நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். கணவர் கையெழுத்துப் போட்ட இரண்டு தாளில் ஒன்று மகஜராக, அதாவது பறிமுதல் செய்ததை எழுதி வைக்கும் பதிவாக இருக்கும், இன்னொன்று அநேகமாக வாக்குமூலம். படித்துப் பார்த்துத்தான் போட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருக்க மாட்டார். மனைவி, குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

இப்போது என்ன செய்யலாம்? இரண்டு வழி. ஒன்று, சும்மா இருப்பது. தூங்குகிற கோப்பை எதற்குத் தட்டி எழுப்ப வேண்டும் என்று பல வழக்கறிஞர்களே சொல்வார்கள். கணவர் சொந்தத் தொழில் செய்பவராக இருந்தால் நானும்கூட யோசிப்பேன். அவர் அரசு ஊழியர். நாளைக்குச் சம்மன் அலுவலக முகவரிக்கு வந்தால், அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கோப்பைப் பார்க்கும் நிலை வரக் கூடாது. கைதாகி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கம் வரை போகும் விஷயம் இது. அதனால் இரண்டாவது வழியைச் சொல்கிறேன். ஒரு வழக்கறிஞர் மூலமாக மாவட்ட வன அலுவலகத்தில் மனு கொடுத்து, இணக்க உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவு இருந்தால் லேமினேட் போட்டு பீரோவில் வையுங்கள். இல்லையென்றால், இணக்கத்துக்குத் தகுந்த குற்றமாக இருக்கும்பட்சத்தில், இப்போதாவது முறையாக முடித்துக்கொள்ளலாம். குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு, அதாவது மேலே சொன்ன ‘வேட்டை’ வகைக்கு, இணக்கம் கிடையாது. நீங்கள் பிடித்தது கெண்டையும் கெளுத்தியும் என்றால் அந்தக் கவலை இல்லை.

கணவரின் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் இரண்டு கிலோ மீனைத் தூக்கிப் பிடித்த படம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மின்னணுப் பதிவும் சாட்சியம்தான். பழையதைத் தேடித் தேடி அழியுங்கள் என்று வழக்கறிஞராக நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். புதிதாகப் போடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்

இதில் உங்களுக்கு ஏமாற்றம் தரத்தான் வேண்டியிருக்கிறது. மீன் பிடித்த குற்றம் உங்கள் மேல் வராது. ஆனால் 27-ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைவதற்கே கட்டுப்பாடு வைக்கிறது. உள்ளே குடியிருக்க அனுமதி உள்ளவர்கள், நிலம் உள்ளவர்கள், பொதுச்சாலை வழியாகக் கடந்து போகிறவர்கள் போன்றோருக்கு விலக்கு. மற்றவர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சாலையில் வண்டியில் போகும்வரை நீங்கள் வழிப்போக்கர். வண்டியை ஓரம் கட்டி, புதரைத் தாண்டி ஆற்றுக்கு இறங்கிப் பாய் விரித்தால் அப்படி இல்லை. அனுமதியில்லாமல் இருந்தது நீங்களும்தான், சாப்பாட்டுக் கூடையோடு.

நடைமுறையில் குழந்தைகளோடு கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் மேல் வழக்கு எழுதுவதை நான் பார்த்ததில்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது. உங்கள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள். பதினெட்டுக்குள் இருப்பதால் அவர்கள் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும், சிறைக்கு அல்ல. பதிமூன்று வயதுப் பையன் கையில் தூண்டிலைக் கொடுத்து அங்கே நிறுத்துவது நியாயமா என்பதைக் கணவரே யோசிக்கட்டும்.

மறுபடி யாராவது நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம், ஓடவும் வேண்டாம். பறிமுதல் செய்த பொருளுக்கு மகஜர் நகல் கேளுங்கள். எதில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போடுங்கள், படிக்க நேரம் கேட்பது எதிர்ப்பது ஆகாது. கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்குள், விதிவிலக்கான சூழ்நிலை தவிர, பெண்ணைக் கைது செய்யக் கூடாது. ரசீதில்லாத பணம் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்ப முடியும்.

வேனும் வலையும் சரக்கும்

இந்த வருடத் திட்டத்தை வாசித்தபோது, மீனைவிட வேனைப் பார்த்துத்தான் எனக்கு அதிகப் பயம் வந்தது. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி ஆள் ஏற்றினால், அது வாடகை வண்டி ஓட்டியதாகப் பார்க்கப்படலாம். டீசலைப் பங்கு போடுவது வேறு, கட்டணம் வசூலிப்பது வேறு. வாட்ஸாப் குரூப்பில் ‘தலைக்கு 600, குழந்தைக்கு 300’ என்று எழுதியிருந்தால் அது கட்டணம் மாதிரிதான் தெரியும். மலைச்சாலையில் ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அதுவும் ஏற்றியது இருபது பேரை. பதிவுப் புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று பாருங்கள். மஞ்சள் போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்துவிடுங்கள், செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

சரக்கு விஷயத்தில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. அனுமதியில்லாமல் கர்நாடகத்து மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எல்லையில் சோதனை எப்படி இருக்கும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலோடு வண்டியும் போகும். வேன் ஓனரிடம் இதைச் சொன்னாலே போதும், மற்றவர்களை அவரே பார்த்துக்கொள்வார்.

வலை வீட்டிலேயே இருக்கட்டும். அதோடு தோட்டாவும் பேட்டரி ஷாக்கும் சிலருக்கு ஞாபகம் வரும். தண்ணீரில் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது.

சட்டத்தில் சேராத இரண்டு விஷயம். ஐப்பசி, கார்த்திகை ராகி முற்றுகிற பருவம். பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கும் காலமும் அதுதான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை விவசாயிகள் ராத்திரி முழுக்கப் பரணில் விழித்திருப்பது பொழுதுபோக்குக்கு அல்ல. ஆற்றங்கரையில் ஹெட்லைட் மாட்டிக்கொண்டு விடிய விடியத் தூண்டில் போடும் ஆசையை உங்கள் செட்டு கைவிட வேண்டும். பண்ணை வீட்டைச் சுற்றி மின்வேலி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வீட்டு மின்சாரத்தை நேராக இழுத்துக் கட்டிய கம்பி யானைக்கு மட்டும் எமன் இல்லை, பந்தை எடுக்க ஓடும் பிள்ளைக்கும்தான்.

இன்னொன்று தண்ணீர். கர்நாடகத்து அணைகளில் மதகைத் திறந்தால் இங்கே மழையே இல்லாமல் ஆறு ஏறும். பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளந்து சொல்வார்கள், செய்தியில் வரும். வரத்து கூடும்போது ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். அந்தத் தடையை மீறுவதும் தனிக் குற்றம். பரிசல் ஏறினால் உரிமம் உள்ள துறையில், லைஃப் ஜாக்கெட்டோடு ஏறுங்கள். ஏதோ கிராமத்துக் கரையில் மீனவர் பரிசலை ஐநூறு ரூபாய்க்குப் பேசிப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

அப்படியானால் எங்கேதான் போவது?

தூண்டிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கணவரைப் போன்ற ஆளிடம் அதைச் சொல்லிப் பயனும் இல்லை. நம் இரண்டு மாவட்டத்திலும் சரணாலயத்துக்கு வெளியே தண்ணீருக்கா பஞ்சம்? கே.ஆர்.பி. அணை, பாம்பாறு, தொப்பையாறு, வாணியாறு, நாகாவதி என்று அடுக்கலாம். ஆனால் அணையிலும் ஏரியிலும் இருக்கும் மீன் காவிரி மீன் மாதிரி ஆளில்லாத மீன் இல்லை. அங்கே நிஜமாகவே ஓனர் உண்டு. குஞ்சு விட்டு வளர்த்திருப்பார்கள், மீன்பாசி குத்தகை எடுத்திருப்பார்கள். கேட்காமல் பிடித்தால் திருட்டுப் புகாரே வரலாம். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே விடுவார்கள். குத்தகைதாரரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வாட்ஸாப்பில் ‘சரி, வாங்க’ என்று ஒரு பதிலாவது வைத்துக்கொள்ளுங்கள். அணையாக இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் யார் கையில் மீன்பிடி உரிமை என்று கேட்டால் சொல்வார்கள். அணையின் தடை செய்யப்பட்ட பகுதி எது என்றும் சேர்த்துக் கேளுங்கள். கெலவரப்பள்ளி மட்டும் என் தனிப்பட்ட அபிப்பிராயத்தில் வேண்டாம். அந்த நுரையைப் பார்த்த பிறகு அங்கே பிடித்த மீனைக் குழந்தைக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு, தனியார் மீன்குட்டை வைத்திருக்கும் விவசாயியிடம் பேசிவிடுவது. பிடிக்கிற மீனுக்குக் கிலோ கணக்கில் காசு. வெள்ளிக்கிழமை ராத்திரியே தவிடும் புண்ணாக்கும் போட்டு வைக்கச் சொன்னால் சனிக்கிழமை காலையில் ரோகுவும் கட்லாவும் வரிசையில் நிற்கும். பெண்ணின் மயில்தண்டு மிதவைக்கு அசையாத குட்டைத் தண்ணீர்தான் சரி, காவிரி இழுப்பில் அது படுத்தே கிடக்கும். மலைக் காற்று வேண்டுமென்றால் ராத்திரி வத்தல்மலை ஏறிவிடுங்கள், அல்லது அய்யூரில் வனத்துறையின் சூழல் சுற்றுலா விடுதியில் முன்பதிவு கிடைக்கிறதா பாருங்கள். மீன் ஒரு இடம், மலை ஒரு இடம் என்று பிரித்துவிட்டால் உங்கள் சிக்கலில் முக்கால்வாசி தீர்ந்தது. கணவர் முனகுவார். குட்டையில் பிடிப்பது மீன் பிடிப்பதே இல்லை என்பார். என் நண்பர்களும் அதையேதான் சொன்னார்கள், மூன்று கிலோ கட்லா ஒன்று ராடை வளைக்கும்வரை.

அந்த எட்டாயிரம்

அஞ்செட்டிப் பண்ணை வீடுதான் வேண்டும் என்று நண்பர்கள் நின்றால், முன்பணத்துக்கு முன்னால் உரிமையாளரிடம் சர்வே எண்ணையும் பட்டா நகலையும் கேளுங்கள். அந்த எண்ணை வைத்து அ-பதிவேட்டை அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டா நிலமா, புறம்போக்கா, காடா என்று தெரிந்துவிடும். பிறகு அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போட்டு, இந்த இடத்தில் தங்கலாமா, இங்கிருந்து ஆற்றுக்கு நடக்கலாமா என்று கேளுங்கள். நேராகக் கேட்பவர்களுக்கு நேராகத்தான் பதில் சொல்வார்கள். நண்பர்களிடம் ‘வக்கீல் கேக்கச் சொன்னார்’ என்று பழியை என் மேல் போடுங்கள். வீட்டில் சண்டை வராது.

சர்வே எண் அனுப்ப அவர் தயங்கினாலோ, ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம்’ என்றாலோ, ஞாயிற்றுக்கிழமை தாண்டட்டும். பணம் உங்களிடமே இருக்கட்டும். சனிக்கிழமை கணவரைக் காரைத் திறந்து அந்தச் சீட்டைத் தேடச் சொல்லுங்கள். முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் தொலைகிற காகிதமெல்லாம் அங்கேதான் கிடைக்கிறது.